பிள்ளைத்தாச்சி பனடோல் போடலாமோ?

“பனடோல் போட்டால் பிறக்கிற பிள்ளைக்கு ஓட்டிசம் வருமாமே மிஸ்ஸி, உண்மையோ?” மல்லாவியிலிருந்து முள்ளியவளை வரைக்கும் கிளினிக் வாங்குகளில் இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. ஓட்டிசம் என்பது, பிள்ளை கதைப்பதிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் வேறுபாடு காட்டுகிற ஒரு மூளை வளர்ச்சி நிலை. சிலர் ஏற்கெனவே ஒன்றிரண்டு குளிசை போட்டுவிட்டு, அந்தப் பயத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். வேறு சிலர் 102 டிகிரிக் காய்ச்சலை இரண்டு நாள் ஈரத்துணியோடு மட்டும் தாங்கிவிட்டுக் கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. இதை எழுதுவதும் அவர்களுக்காகத்தான்.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோ நோவோ இருக்கிற நாளில், உடம்பின் நிறைக்கு ஏற்ற அளவில், தேவைப்படுகிற சில நாட்களுக்குத் தாய் பரசிட்டமோல் போட்டதால் பிள்ளைக்கு ஓட்டிசம் வந்தது என்று இதுவரை எந்த ஆய்வும் நிறுவவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கையில் எடுக்கக்கூடிய நோக்குளிசைகளில் முதல் இடம் இன்னமும் பரசிட்டமோலுக்குத்தான். பனடோல் என்பது ஒரு கம்பனி வைத்த பெயர், மருந்தின் பெயர் பரசிட்டமோல். எங்கள் பக்கம் மருந்துக்கே பனடோல் என்ற பெயர் நிலைத்துவிட்டதால் இரண்டையும் மாறிமாறி எழுதுவேன்.

இந்தக் கதை கிளம்பியது 2025 செப்டெம்பர் 22 ஆம் திகதி. அன்றைக்கு அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் வெள்ளை மாளிகையில் நின்று, கர்ப்பிணிகள் டைலனோலைத் தவிர்க்க வேண்டும், ஓட்டிசத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது என்றார். டைலனோல் என்பது பரசிட்டமோலுக்கு அங்கே உள்ள கடைப்பெயர். மருந்தின் பெயரையும் அவர்கள் அசிட்டாமினோஃபென் என்றுதான் சொல்வார்கள். அதே நாளில் அந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. வைத்தியர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பல ஆய்வுகளில் ஒரு தொடர்பு தெரிகிறது, ஆனால் மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை, எதிரான முடிவு தந்த ஆய்வுகளும் இருக்கின்றன என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. இரண்டு நாள் கழித்து உலக சுகாதார நிறுவனமும், ஓட்டிசத்தோடு தொடர்பை உறுதிப்படுத்தும் முடிவான சான்று எதுவும் இல்லை என்று அறிவித்தது. ஐரோப்பிய மருந்து முகவரகம் தன் ஆலோசனையில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. வட்ஸ்அப்பில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது மேடைப் பேச்சு மட்டும். கடிதம் வரவில்லை.

தொடர்பு தெரிந்த ஆய்வுகள் பொய்யானவை அல்ல. அவற்றை ஒளித்துவிட்டு “பயமில்லை” என்று சொன்னால் நாளைக்கு ஒருவரும் எங்களை நம்பமாட்டார்கள். டென்மார்க்கில் 64 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2014 இல் ஒரு ஆய்வு வந்தது. கர்ப்ப காலத்தில் பரசிட்டமோல் போட்ட தாய்மாரின் பிள்ளைகளில், அளவுமீறிய துறுதுறுப்பும் கவனச்சிதறலும் கடுமையாக உள்ள நிலை 1.37 மடங்காகக் காணப்பட்டது. நோர்வேயில் 2017 இல் வந்த ஆய்வில் 29 நாளோ அதற்கு மேலோ போட்டவர்களின் பிள்ளைகளில் அதே குறைபாடு இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூட. அதே ஆய்வில் 8 நாளுக்குக் குறைவாகப் போட்டவர்களின் பிள்ளைகளில் அது கூடவில்லை, கொஞ்சம் குறைவாகவே இருந்தது. இந்தக் கடைசி வரியை ஒரு வீடியோவிலும் நான் கேட்கவில்லை.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து 2020 இல் வெளிவந்தது வேறு வகை. 996 பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். அளவு கூடியிருந்த மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளில் ஓட்டிசமும் கூடியிருந்தது. கேட்டவுடன் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். ஆனால் பரசிட்டமோல் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் போதும். ஒரு நாள் கழிந்தால் பெரும்பாலும் கழுவுப்பட்டுப் போய்விடும். ஆகவே தொப்புள்கொடி இரத்தம் சொல்வது பிள்ளைப்பேற்று அறையில் என்ன நடந்தது என்பதைத்தான். ஒன்பது மாதத்தின் கணக்கு அதில் கிடையாது. பிரசவ நேரத்தில் யாருக்குப் பரசிட்டமோல் கொடுப்பார்கள்? நீண்டநேரம் வலியில் கிடந்தவருக்கு, காய்ச்சல் ஏறியவருக்கு, கர்ப்பப்பையில் கிருமி பிடித்தவருக்கு. அந்தக் கிருமியும் காய்ச்சலும் பிள்ளையின் மூளையைத் தொடக்கூடியவைதான்.

இந்த விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. யாரும் சும்மா குளிசை விழுங்குவதில்லை. காய்ச்சல், ஒற்றைத் தலையிடி, மூட்டுவாதம், கிருமித் தொற்று, நித்திரையில்லாத மன அழுத்தம் என்று ஏதோ ஒன்று இருப்பதால்தான் போடுகிறார்கள். போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நோயுள்ளவர்களையும் நோயில்லாதவர்களையும்தான் ஒப்பிடுகிறோம். ஓட்டிசத்தில் பரம்பரையின் பங்கு வேறு மிகப் பெரியது. ஐந்து நாடுகளில் 20 இலட்சம் பிள்ளைகளை வைத்து 2019 இல் வந்த கணக்கு அதை ஏறத்தாழ 80 வீதம் என்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நல்ல வழி, ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பது. ஒட்டுசுட்டானில் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். மூத்தவன் வயிற்றில் இருக்கும்போது மாரியில் காய்ச்சல் வந்து பத்துக் குளிசை போட்டார். இளையவள் வயிற்றில் இருக்கும்போது ஒன்றும் போடவில்லை. தாய் ஒன்று, அவரின் தலையிடிக்காரப் பரம்பரை ஒன்று, கிணற்றுத் தண்ணி ஒன்று, வீட்டு வசதி ஒன்று, அநேகமாகத் தகப்பனும் ஒருவர்தான். மாறியது குளிசை. குளிசைதான் குற்றவாளி என்றால் மூத்தவர்களிடம் அது தெரிய வேண்டும்.

சுவீடனில் இதைத்தான் செய்தார்கள். 1995 இலிருந்து 2019 வரை பிறந்த 24 இலட்சத்து 80 ஆயிரம் பிள்ளைகள். முடிவு 2024 ஏப்ரலில் வந்தது. முதலில் எல்லாரையும் மொத்தமாகப் பார்த்தபோது சின்ன வித்தியாசம் தெரிந்தது. பத்து வயதுக்குள் ஓட்டிசம் என்று அடையாளம் காணப்பட்டவர்கள், தாய் மருந்து போடாத பிள்ளைகளில் 1.33 வீதம், போட்ட பிள்ளைகளில் 1.53 வீதம். ஆயிரம் பிள்ளைகளில் 13 பேருக்குப் பதில் 15 பேர் என்று வையுங்கள். பிறகு சகோதரங்களை ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது: ஓட்டிசத்துக்கு 0.98, கவனச்சிதறலுக்கு 0.98, அறிவுத்திறன் குறைபாட்டுக்கு 1.01. இந்தக் கணக்கில் 1 என்றால் இரு பக்கமும் சமம். மருந்து கூடக் கூடப் பாதிப்புக் கூடுகிற போக்கும் சகோதரங்களிடம் இல்லை. ஜப்பானில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து 2025 இல் வந்த ஆய்விலும், சகோதரங்களை ஒப்பிட்டபோது தொடர்பு காணவில்லை.

சுவீடன் ஆய்விலும் ஓட்டை இருக்கிறது. அங்கே மருந்து போட்டதாகப் பதிவானவர்கள் 7.5 வீதம் மட்டும். வேறு நாடுகளில் தாய்மாரை நேரே கேட்டால் பாதிப்பேருக்கு மேல் போட்டதாகச் சொல்வார்கள். கடையில் வாங்கிப் போட்ட குளிசை எல்லாம் பதிவேட்டில் ஏறியிருக்காது. அப்படி விடுபட்டால் உண்மையான ஒரு சிறு பாதிப்பும் மங்கிப்போகலாம். நோர்வேயில் 2013 இல் 2,919 சோடிச் சகோதரங்களை ஒப்பிட்ட ஒரு ஆய்வு, 28 நாளுக்கு மேல் போட்ட கர்ப்பத்துப் பிள்ளைகள் மூன்று வயதில் நடை, கதை, நடத்தை ஆகியவற்றில் சற்றுப் பின்தங்கியிருந்ததாகச் சொன்னது. 2025 ஓகஸ்டில் 46 ஆய்வுகளைத் தரம் பார்த்த ஒரு மீளாய்வு, அவற்றில் 27, பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக் குறைபாடுகளோடு தொடர்பைக் காட்டுகின்றன என்றது. ட்ரம்ப் பேச்சுக்கு முதுகெலும்பு அதுதான். ஆனால் அதை எழுதியவர்கள்கூட மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. குறைந்த அளவு, குறைந்த நாள், வைத்தியரைக் கேட்டு என்றுதான் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் தராசில் வைத்தால் என் கணிப்பு இது. சில நாட்களுக்குப் போடுவதில் பயப்பட ஒன்றுமில்லை. கிழமைக்கணக்கில் நாளாந்தம் போடுவதில் கேள்வி இன்னும் முழுதாக மூடப்படவில்லை. அப்படிப் போட வேண்டிய அளவுக்கு நோ இருக்கிறதென்றால், குளிசையை விட அந்த நோவுக்குக் காரணம் என்ன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். இந்தப் பயம் வன்னியில் செய்கிற கெடுதி அமெரிக்காவில் செய்வதைவிடப் பெரிது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்து காலபோக வயலில் தண்ணி நிற்கத் தொடங்கினால், அதோடு டெங்கும் எலிக்காய்ச்சலும் சேர்ந்தே வரும். பனடோலுக்குப் பயந்த பிள்ளைத்தாச்சி இரண்டில் ஒன்றைச் செய்வார். ஒன்று, காய்ச்சலைத் தாங்குவார். முதல் மூன்று மாதத்தில் உடம்புச் சூடு அதிகமாக ஏறுவது பிள்ளையின் முள்ளந்தண்டும் மூளையும் மூடிக்கொள்கிற வேலையைக் குழப்பக்கூடும். கர்ப்ப காலக் காய்ச்சலுக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு கண்ட ஒரு கலிபோர்னிய ஆய்வில், காய்ச்சலுக்கு மருந்து எடுத்த தாய்மாரிடம் அந்தத் தொடர்பு தணிந்தே இருந்தது. பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துக் காய்ச்சலைத் தாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மற்றது இதைவிட மோசம். பனடோல் வேண்டாம் என்று வீட்டில் கிடக்கிற வேறு நோக்குளிசையை எடுப்பார். மாமாவின் முழங்கால் நோவுக்குத் தந்த டைக்குளோபெனாக், பாமசியில் கேட்டு வாங்கிய ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அசிட். 20 கிழமைக்குப் பிறகு இந்த வகை மருந்துகள் பிள்ளையின் சிறுநீரகத்தைத் தாக்கிப் பன்னீர்க்குடத்துத் தண்ணியைக் குறைக்கும். எஃப்.டி.ஏ. 2020 ஒக்டோபரில் எச்சரித்தது இதைத்தான். கடைசி மூன்று மாதத்தில், பிள்ளையின் இதயத்துக்குப் பக்கத்தில் பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு இரத்தக்குழாயை வயிற்றுக்குள்ளேயே ஒடுக்கிவிடவும் கூடும். வந்திருப்பது டெங்கு என்றால் இரத்தக்கசிவு. எலிக்காய்ச்சல் என்றால் ஏற்கெனவே அடிபட்டிருக்கிற தாயின் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயோடு எத்தனை குடும்பம் கஷ்டப்படுகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

டைக்குளோபெனாக் வீட்டுக்குள் வருகிற வழியையும் சொல்ல வேண்டும். சிசேரியன் செய்த தாய்க்கு நோவுக்கு அதைக் கொடுப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு அது சரியான மருந்துதான். மிச்சக் குளிசைக் காட், அதாவது அட்டை, அலுமாரியில் கிடக்கும். இரண்டு வருடம் கழித்து அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நாரிநோ வந்தால், “ஆஸ்பத்திரியில எனக்குத் தந்த குளிசைதானே” என்று கை அதற்குத்தான் போகும். காட்டை இன்றைக்கே எடுத்து அப்புறப்படுத்துங்கள். எலிக்காய்ச்சல் வராமல் வயலுக்குப் போகிறவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) கொடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையையும் கணவர் மனைவியோடு பங்கிடக் கூடாது. கர்ப்பிணிக்கு அது ஆகாது. ஆனால் ஒரு விலக்கு: இரத்த அழுத்தம் ஏறாமல் இருக்கக் கிளினிக்கில் சிலருக்குச் சிறிய அளவு அஸ்பிரின் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது வேறு கதை. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, எப்படிப் போடுவது?

முதலில் காட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளித் தாளில் பரசிட்டமோல் 500 மி.கி. என்று மட்டும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே கஃபீன் 65 மி.கி. என்று இன்னொரு வரி இருந்தால் அது ‘எக்ஸ்ட்ரா’ வகை. இரண்டு குளிசையில் 130 மி.கி. கஃபீன் உள்ளே போய்விடும். கர்ப்பிணிக்கு ஒரு நாளில் 200 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், அதோடு நாங்கள் குடிக்கிற தேத்தண்ணிக் கணக்கு வேறு இருக்கிறது. கொடீன் என்று இருந்தால் வைத்தியர் சொல்லாமல் தொடவே வேண்டாம். தடிமன் குளிசைகளில் பெரும்பாலானவற்றுக்குள் பரசிட்டமோல் ஒளிந்திருக்கும். காய்ச்சலுக்கு இரண்டு பனடோல், தடிமனுக்கு இரண்டு குளிசை என்று சேர்த்துப் போட்டால் ஒரே மருந்து இரண்டு மடங்கு. பெட்டிக்கடையில் வெட்டித் தருகிற இரண்டு குளிசையில் பெயரும் திகதியும் இருக்காது. முழுக் காட்டாக வாங்குங்கள்.

அடுத்தது நிறை. கிளினிக் கொப்பியில் கடைசியாக எழுதிய நிறையைப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வரை, ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு 60 மி.கி.க்கு மேல் இல்லை. எங்கள் தாய்மாரில் 42 கிலோக்காரர் நிறையப்பேர். அவருக்கு ஒரு தடவைக்கு 630 மி.கி., அதாவது ஒரு குளிசை, கூடினால் ஒன்றேகால். நாளுக்கு 2,520 மி.கி., அதாவது ஐந்து குளிசை. “ஆளுக்கு இரண்டு, நாளுக்கு எட்டு” என்பது 50 கிலோவுக்கு மேல் உள்ள சுகதேகிக்குச் சொன்ன உச்ச அளவு. அதை ஒல்லியான, சத்தி எடுத்துச் சாப்பாடு இறங்காமல் கிடக்கிற பெண்ணுக்குக் கொடுத்தால் ஈரல் தாங்காது. டெங்குக் காலத்தில் 50 கிலோ ஆளுக்கும் ஒரு நாளில் ஆறோடு நிறுத்துங்கள், டெங்குவே ஈரலைப் பிடிக்கும் நோய்.

இடைவெளி ஆறு மணித்தியாலம். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, பின்னேரம் ஆறு, இரவு பன்னிரண்டு. காய்ச்சல் இறங்கவில்லை என்று இடையில் ஒன்றைச் செருகுவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. இடையில் செய்ய வேண்டியது இளஞ்சூட்டுத் தண்ணியில் உடம்பைத் துடைப்பதும், கஞ்சியோ இளநீரோ ஜீவனியோ குடிப்பதும்தான். ஐஸ் தண்ணி வேண்டாம், நடுக்கம் வந்து சூடு இன்னும் ஏறும். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம், காய்ச்சல் அளவு, போட்ட குளிசை என்று மூன்றையும் எழுதிவைத்தால் இரவில் மாமி கொடுத்ததா, தான் போட்டதா என்ற குழப்பம் வராது. ஆஸ்பத்திரியில் வைத்தியருக்கும் அந்தத் தாள் பெரிய உதவி.

யாராவது ஒரேயடியாக அளவுக்கு மேல் விழுங்கியிருந்தால், முகம் தெளிவாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். முதல் நாளில் ஒரு குணமும் காட்டாது, ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். மாற்று மருந்து இருக்கிறது. எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், வெறும் காட்டையும் கையோடு கொண்டுபோங்கள். திட்டாதீர்கள், காரணம் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள்.

பனடோல் காய்ச்சலைத் தணிக்கும், டெங்கைத் தணிக்காது. பிள்ளைத்தாச்சிக்குக் காய்ச்சல் என்றால் மூன்றாம் நாள்வரை பார்ப்போம் என்ற கதைக்கே இடமில்லை. முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுக்க வேண்டும். காரணம் இருக்கிறது. கர்ப்பத்தில் இரத்தம் இயல்பாகவே நீர்த்திருக்கும். டெங்கில் நீர் கசிந்து இரத்தம் தடிக்கத் தொடங்கினாலும் அதைக் காட்டுகிற பரிசோதனை எண் பார்வைக்குச் சாதாரணம் போலவே இருக்கும். முதல் நாள் அளவு கையில் இருந்தால்தான் மூன்றாம் நாள் ஏறியதைக் கண்டுபிடிக்க முடியும். காய்ச்சல் விட்டுப்போன நேரத்தில் கை கால் குளிர்ந்து, வயிறு நொந்து, சத்தி எடுத்தால் அது சுகமாவதற்கான அடையாளமே அல்ல. ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். முழங்காவிலோ நெடுங்கேணியோ, இரவு பஸ் இல்லாத ஊர்க்காரர் வெளிச்சம் இருக்கும்போதே கிளினிக் கொப்பி, இரண்டு சீலை, தண்ணிப் போத்தல் எல்லாம் ஒரு பையில் கட்டிவைத்துவிட வேண்டும்.

காய்ச்சலில்லாத தலையிடிக்கும் ஒரு எச்சரிக்கை. 20 கிழமைக்குப் பிறகு விடாமல் தலையிடித்தால், அதோடு கண் மங்கல், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி, மேல்வயிற்றில் நோ, முகமும் கையும் திடீரென்று வீங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால், ஒரு பனடோலைப் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். 140 க்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சித்திரை வெயிலில் வயலாலோ தோட்டத்தாலோ வந்து இடிக்கிற தலை வேறு. அதற்கு நிழலும் ஒரு செம்புத் தண்ணியும் அரை மணித்தியாலமும் கொடுத்துப் பாருங்கள், அநேகமாகக் குளிசை தேவைப்படாது. நாரிநோவுக்கு, தண்ணிக் குடத்தை இடுப்பில் வைக்காமல் இருப்பதும், இடப்பக்கம் சரிந்து முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துப் படுப்பதும் குளிசையை விட நீண்டநேரம் நிற்கும். ஆனாலும் தாங்கமுடியாத நோவில் ஒரு குளிசை போடுவதற்குக் குற்றம் பார்க்காதீர்கள்.

பிறந்த பிள்ளையின் கதை வேறு. தாய் பால் கொடுக்கும்போது பரசிட்டமோல் போடலாம், பாலில் போவது மிகச் சொற்பம். ஆனால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு வைத்தியர் சொல்லாமல் வீட்டில் பாணி மருந்து பருக்கக் கூடாது. அந்த வயதில் 38 பாகை, அதாவது 100.4, வந்தாலே அது கிருமித்தொற்றாக இருக்கலாம். பாணி கொடுத்துச் சூட்டை மறைத்தால் ஒரு நாள் பிந்திவிடும். பிறந்து ஒரு மாதத்துக்குள் பால் குடிக்க மறுப்பது, உடம்பு குளிர்ந்து சோர்ந்து கிடப்பது ஆகியவையும் காய்ச்சலுக்குச் சமம்.

இரண்டாம் மாத ஊசிக்குப் பிறகு கொடுக்கச் சொல்லியிருந்தால் போத்தலை வாசியுங்கள். வழக்கமான பாணியில் 5 மில்லிலீற்றரில் 120 மி.கி. இருக்கும். 5 கிலோப் பிள்ளைக்கு 75 மி.கி. தேவை, அது 3 மில்லிலீற்றர். பெரிய பிள்ளைகளின் போத்தலில் 5 மில்லிலீற்றரில் 250 மி.கி. இருக்கும். அதிலும் அதே 3 ஐ எடுத்தால் 150 மி.கி. போய்விடும், நேரே இரட்டிப்பு. மூத்தபிள்ளையின் போத்தலை இளையதுக்குப் பாவிக்கிற வீடுகளில்தான் இது நடக்கிறது. தேக்கரண்டியால் அளக்காதீர்கள், ஒரு வீட்டுக் கரண்டி போல இன்னொரு வீட்டுக் கரண்டி இல்லை. ஊசியில்லாத 5 மில்லி சிறிஞ்ச் பாமசியில் வாங்கலாம். பிள்ளையை நிமிர்த்தி வைத்து, கன்னத்தின் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தொண்டைக்கு நேரே அடித்தால் புரைக்கேறும்.

கடைசியாக, ஏற்கெனவே ஓட்டிசமோ வளர்ச்சிப் பின்னடைவோ உள்ள பிள்ளையின் அம்மாவுக்கு. அன்றைக்கு நீங்கள் போட்ட இரண்டு குளிசையை நினைத்து அழுகிறீர்கள் என்றால், மேலே எழுதிய 24 இலட்சத்து 80 ஆயிரம் பிள்ளைகளின் கணக்கை இன்னொருமுறை வாசியுங்கள். நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. மாமியோ அயலோ குத்திக் காட்டினால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் நேரமும் மனமும் போக வேண்டிய இடம் பிள்ளையின் நாளாந்தம். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா? ஒன்றரை வயதில் நிலாவையோ மாட்டையோ விரலால் சுட்டி உங்களுக்குக் காட்டுகிறதா? இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் தா” என்று இரண்டு சொல்லைச் சேர்க்கிறதா? முன்பு சொன்ன சொல்லை இப்போது விட்டுவிட்டதா? இவற்றில் ஒன்றிலாவது சந்தேகம் இருந்தால் “ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்” என்ற பேச்சைக் கேட்டு வருடத்தைக் கழிக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கொப்பியைக் கொடுத்து, எதை எப்போது கண்டீர்கள் என்று திகதியோடு எழுதுவித்து, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மாஞ்சோலையிலோ மன்னாரிலோ உள்ள மாவட்ட ஆஸ்பத்திரியின் பிள்ளை வைத்தியரிடம் போகத் துண்டு வாங்குங்கள். போகும்போது பிள்ளை வீட்டில் விளையாடுகிற இரண்டு நிமிட வீடியோ ஒன்றைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிக் கதிரையில் பயந்துபோய் இருக்கிற பிள்ளையை விட, முற்றத்தில் விளையாடுகிற பிள்ளையைப் பார்த்தால்தான் வைத்தியருக்கு அதிகம் விளங்கும்.